எரியாத ஏழு ஆண்டுகள்

பாரிசின் பிலிப்-து-ஜிரார் வீதியில், பொதி அனுப்பும் கடையொன்றின் பின்னறையில், இருபத்தெட்டு ஆண்டுகளாக நான் பிறருடைய வாழ்க்கைகளை எழுதி வருகின்றேன். அகதி அலுவலகத்துக்குச் சமர்ப்பிக்கப்படும் வாழ்க்கை வரலாற்றை எம்மவர் ‘கேஸ்’ என்று அழைப்பர். இத்தொழிலில் நான் இரண்டு விதிகளைக் கைக்கொண்டேன். ஒருவருடைய வாழ்வில் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட இடைவெளி காணப்படலாகாது. காட்ட முடியாத எப்பொருளும் எரிந்துபோனதாகவே எழுதப்படல் வேண்டும். தொலைந்தது என்று எழுதினால், எங்கே, எப்போது, யார் தேடினார்கள் என்று கேட்பார்கள். எரிந்தது என்று எழுதினால், சாம்பலைக் கொண்டுவரும்படி எவரும் கேட்பதில்லை.

தை மாதத்துச் செவ்வாய்க்கிழமையொன்றில், அற்புதமலர் ஒரு பிளாஸ்டிக் பையுடன் என் மேசையின் முன் வந்து அமர்ந்தார். அவர் மன்னாரைச் சேர்ந்த பேசாலையிற் பிறந்தவர், புறநகரான செவ்ரானில் வசிப்பவர், முதியோரை அவர்களுடைய வீடுகளுக்குச் சென்று பராமரிப்பது அவருடைய தொழில். இரண்டு முறை நிராகரிக்கப்பட்ட அவருடைய கேஸை மூன்றாம் முறை எழுதி, அவருக்கு வதிவிட அட்டை கிடைக்கச் செய்தவன் நான். அதன் பொருட்டு அவர் என்மீது மதிப்பு வைத்திருந்தார். அன்பு வைத்திருந்தார் என்று சொல்ல இயலாது.

“சிறீ அண்ணை, இது என்ரை கடிதமில்லை. பக்கத்துக் கட்டடத்தில அஞ்சாம் மாடியில இருக்கிற மதாமின்ரை.”

கடிதத்தை வாசித்தேன். கட்டடம் முழுவதும் புதுப்பிக்கப்படவிருந்தது. குடியிருப்போர் அனைவருக்கும் நகருக்கு வெளியே திரான்சியில் வீடு வழங்கப்படும். எனினும், தமது இல்லம் பல்லாண்டுகளாக ஒரு கலைஞரின் தொழிற்கூடமாக இடையறாது விளங்கியது என்று நிறுவக்கூடியவர், அங்கேயே தங்க அனுமதி கோரலாம். அவருடைய வாழ்க்கை வரலாறு மாசி மாத இறுதிக்குள் எழுத்து வடிவில் ஒரு குழுவுக்குச் சமர்ப்பிக்கப்படல் வேண்டும். பங்குனியில் அக்குழு நேரில் வந்து பார்வையிடும்.

“ஆர் இந்த மதாம்?”

“படம் கீறுறவ. கவிதையும் எழுதுறவ. ரெண்டையும் ஒரே கடதாசியில செய்யிறா. எனக்கெண்டா விளங்கேல்லை. ஆனா தொண்ணூத்தொரு வயசிலயும் காலமை எழும்பினவுடன கோப்பி கேக்கிறதில்லை, தூரிகையைத்தான் கேக்கிறா.”

“திரான்சியில நல்ல வீடு குடுப்பினம். லிப்டும் இருக்கும். இஞ்சை அஞ்சு மாடி ஏறி இறங்கிக் கொண்டு...”

“அண்ணை, நான் இந்த வேலையில பன்ரண்டு பேரை வழியனுப்பி வைச்சிருக்கிறன். வீடு மாத்தினா இந்த வயசில மூண்டு மாசம் தாங்காது. இவ அந்த அறைக்குள்ளதான் சாகவேணும் எண்டு கேக்கிறா. அவ்வளவுதான் கேக்கிறா. உங்களால ஏலுமோ, ஏலாதோ?”

தமிழர் அல்லாத ஒருவருடைய வாழ்க்கையை நான் அதுவரை எழுதியதில்லை. ஏலும் என்று சொன்னேன். நான் எழுதியவற்றுள் அண்மைக் காலத்தில் எதுவும் நிராகரிக்கப்படவில்லை என்ற பெருமிதம் எனக்கு இருந்தது.

மறுநாள் கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து ஐந்தாம் மாடிக்கு ஏறினேன். மர்கரீத் கெருவெல் அம்மையார் சன்னலோரத்து நாற்காலியில் அமர்ந்திருந்தார். என்னை மேலிருந்து கீழ்வரை நோக்கிவிட்டு அற்புதமலரிடம் ஏதோ முணுமுணுத்தார்.

“என்ன சொல்லுறா?” என்று கேட்டேன். அவருடைய குரல் அத்துணை மெலிதாக இருந்தது.

“கணக்காளரோ, சவப்பெட்டிக்காரரோ எண்டு கேக்கிறா,” என்றார் மலர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “சவப்பெட்டிக்காரர் எண்டா அளவெடுத்துக்கொண்டு போகட்டாம்.”

அறையின் சுவர்கள் நான்கும் நிறைந்திருந்தன. சீமெந்துப் பைகளின் தடித்த தாளில் அவர் கவிதைகளைத் தாராலும் சுண்ணாம்பாலும் எழுதியிருந்தார். எழுத்துகள் வரிசையில் நிற்கவில்லை. ஒரு சொல்லின் கடைசி எழுத்து தாளின் ஓரத்தைக் கடந்து அடுத்த தாளுக்குச் சென்று அங்கே ஒரு தொடருந்துப் பெட்டியின் சாளரமாக மாறியிருந்தது. சொற்களை வாசிக்க முயன்றால் படம் மறைந்தது. படத்தை நோக்கினால் சொற்கள் கலைந்தன. எனக்குத் தலை சுற்றியது. சன்னலுக்கு அப்பால் தொடருந்துப் பாதைகளும் அதே குழப்பத்துடன் பிரிந்தும் சேர்ந்தும் கிடந்தன.

நான் வினாத்தாளை எடுத்தேன். பிறந்த இடம், பெற்றோர், கல்வி, பாரிசுக்கு வந்த நாள். அவர் எந்த வினாவுக்கும் ஒழுங்காக விடையளிக்கவில்லை. பிரான்சின் மேற்கே பிரெத்தாஞ் கரையிலுள்ள மீன்பிடித் துறைமுகமொன்றில் பிறந்ததையும், வலைகளுக்குத் தார் பூசும் தந்தையின் விரல்களையும் சொன்னார். உடனே எழுபதுகளில் நடந்த ஒரு கண்காட்சிக்குத் தாவினார். பின்னர் இருபது வயதில் அச்சகமொன்றில் எழுத்துக் கோத்ததற்குத் திரும்பினார். தலைகீழாக அடுக்கப்பட்ட ஈய எழுத்துகளை வாசித்துப் பழகியதால், நேராக நிற்கும் எழுத்து தமக்குப் பொய்யாகத் தோன்றியது என்றார். ஆறு பிற்பகல்கள் அமர்ந்து, அவருடைய வாழ்வை நான் ஆண்டுவாரியாகப் பிரித்து எழுதினேன். இரண்டு சிறு கவிதை நூல்கள், ஒன்பது கண்காட்சிகள், அரசு அருங்காட்சியகமொன்று வாங்கிய நான்கு படங்கள். சான்றுகள் போதியனவாக இருந்தன.

ஆறாம் நாளில் இடைவெளி தென்பட்டது.

“அம்மையீர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு முதல் அறுபத்தொன்பது வரை எந்தப் படமும் இல்லை, எந்தக் கவிதையும் இல்லை. அக்காலத்தில் என்ன செய்தீர்கள்?”

“ஒன்றும் செய்யவில்லை.”

“நோய்வாய்ப்பட்டிருந்தீர்களா?”

“இல்லை.”

“திருமணம்? பிள்ளைப்பேறு? வெளிநாட்டுப் பயணம்?”

“முசியே, நான் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையற்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சூப் ஊற்றினேன். தட்டுகளைக் கழுவினேன். மாலையில் இங்கே வந்து இந்த நாற்காலியில் அமர்ந்தேன். சுவர் வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்தேன்.”

“ஏழு ஆண்டுகளா?”

“ஏழு ஆண்டுகள்.”

ஏன் என்று கேட்டேன். அறுபத்திரண்டாம் ஆண்டுக் கண்காட்சியில் அனைத்தும் விற்றுப்போயின என்றும், தம்மால் அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டே செய்ய முடிகின்றது என்று அன்று கண்டதாகவும், ஆதலால் நிறுத்தியதாகவும் சொன்னார். தூரிகையைக் கேட்டார். மலர் கொடுத்தார்.

படியிறங்கும்போது குழுவின் கடிதத்தை மீண்டும் வாசித்தேன். இடையறாது விளங்கிய தொழிற்கூடம் என்பதே குழு கேட்ட நிபந்தனை. ஏழு ஆண்டுகள் சுவரைப் பார்த்தேன் என்பதை எந்த அலுவலர் ஏற்பார்? இருபத்தெட்டு ஆண்டுகளில், ‘ஒன்றும் செய்யவில்லை’ என்ற விடையோடு வென்ற ஒரு கேஸையும் நான் கண்டதில்லை. எம்மவர் பலர் காட்டில் ஒளிந்திருந்தோ, முகாமில் அடைபட்டோ, உறவினர் வீட்டின் உள்ளறையில் வெறுமனே அமர்ந்தோ கழித்த ஆண்டுகள் உண்டு. அவற்றையெல்லாம் நிகழ்ச்சிகளால் நிரப்பியே நான் அவர்களைக் காப்பாற்றினேன்.

ஆகவே, அன்று மாலையே நான் அந்த ஏழு ஆண்டுகளையும் எரித்தேன்.

அது எனக்குச் சிறிதும் கடினமாக இருக்கவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. டர்ப்பென்டைன் எண்ணெய், நிலக்கரி அடுப்பு, தார், கடதாசி: தீப்பற்றுவதற்கு வேண்டிய யாவும் அறையில் முன்னரே இருந்தன. அறுபத்தொன்பதாம் ஆண்டு மாசி மாதத்து இரவொன்றில் அடுப்பிலிருந்து பொறி பறந்தது என்றும், ஏழு ஆண்டுகளாக எவருக்கும் காட்டாது வரைந்து சேர்த்த நூற்றுக்கு மேற்பட்ட படைப்புகள் ஒரு மணி நேரத்தில் சாம்பலாயின என்றும், அவற்றை மீட்க முயன்ற அம்மையாரின் இடக்கை புண்பட்டது என்றும் எழுதினேன். அவருடைய இடக்கையில் ஒரு பழைய தழும்பு இருந்ததைக் கண்டிருந்தேன். தழும்பை வீணாக்குதல் எம் தொழிலில் வழக்கமில்லை.

பதினொரு பக்கங்களையும் தட்டெழுதி மலரிடம் கொடுத்தேன். அம்மையாருக்குப் பார்வை குன்றியிருந்தது. சிற்றெழுத்துகளை அவரால் வாசிக்க இயலாது. மலருக்குச் சமையலறைப் பிரெஞ்சு வரும். அலுவலகப் பிரெஞ்சு வராது. ஒருவர் வாசிக்காமற் கொடுக்க, மற்றவர் வாசிக்காமற் கையொப்பமிட்டார். கோப்பு உரிய நாளில் போய்ச் சேர்ந்தது.

ஒரு வாரத்தின் பின் குழுவின் தலைவி எனக்குத் தொலைபேசியிற் பேசினார். பல கோப்புகளைத் தாம் வாசித்ததாகவும், ஒன்பதாம் பக்கத்தில் வரும் தீ விபத்தைப் போன்று தம்மை உலுக்கியது வேறொன்றும் இல்லை என்றும் சொன்னார். பங்குனி பதினான்காம் நாள் வரும்போது அதுபற்றி அம்மையாரின் வாயாலேயே கேட்க விரும்புவதாகவும் தெரிவித்தார். தொலைபேசியை வைத்தபோது நான் மனநிறைவு அடைந்தேன்.

எழுதுவது கேஸின் பாதி. மனனம் செய்விப்பது மறுபாதி. அலுவலர் முன் செல்வோரை நான் பலமுறை ஒத்திகை பார்ப்பேன். என்ன கிழமை, எந்தப் பக்கத்துக் கதவு, மழை பெய்ததா என்று மாறி மாறிக் கேட்பேன். ஆகவே பங்குனி முதல் வாரத்தில், அம்மையாரையும் ஆயத்தம் செய்யும் பொருட்டு மேலே சென்றேன். மலர் மேசையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

“அம்மையீர், தீ எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கியது?” என்று கேட்டேன்.

“எந்தத் தீ?”

“அறுபத்தொன்பதாம் ஆண்டுத் தீ. அடுப்பின் அருகிலிருந்து தொடங்கியது. நீங்கள் உறங்கிக்கொண்டிருந்தீர்கள். புகை மணத்தினால் விழித்தீர்கள். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.”

அவர் தூரிகையைக் கீழே வைத்தார். ஒன்பதாம் பக்கத்தை உரத்து வாசிக்குமாறு பணித்தார். வாசித்தேன். நான் எழுதியவற்றுள் மிகச் சிறந்த பக்கம் அதுவே என்று அப்போதும் எனக்குத் தோன்றியது. வாசித்து முடித்தபோது மலரின் கத்தி ஓசையற்றிருந்தது.

“நூறு படங்கள்,” என்றார் மர்கரீத் அம்மையார். “நான் வரையாத நூறு படங்களை எரிப்பதற்கு உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது?”

“அம்மையீர், இது உங்கள் நன்மைக்காக—”

“வரைவது எனக்கு எளிது. என் கை தானாகவே வரையும். வரையாமல் இருப்பதற்குத்தான் நான் பாடுபட்டேன். ஏழு ஆண்டுகள். ஒவ்வொரு மாலையும். என் வாழ்நாளில் நான் செய்த வேலைகளுள் எனக்கு ஐயமில்லாத ஒரே வேலை அது. அதை நீங்கள் எடுத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக ஒரு அடுப்பைத் தந்திருக்கின்றீர்கள்!” அவருடைய குரல் இப்போது மெலிதாக இல்லை. “எழுதியதைத் திரும்பப் பெறுங்கள். வெளியே போங்கள்.”

மலர் என்னைப் படிக்கட்டு வரை துரத்தி வந்தார். கையில் இன்னும் கத்தி இருந்தது. அதை அவர் மறந்திருந்தார்.

“அண்ணை, நீங்கள் எல்லாரையும் எரிச்சுத்தான் முடிப்பீங்களோ?”

“மலர், குரலைக் குறைச்சுக் கதை. கோப்புப் போயிட்டுது. இனி மாத்தேலாது. திருப்பி எடுத்தா விண்ணப்பமே இல்லை, ஆள் திரான்சிக்குத்தான். பொய்யெண்டு சொன்னாலும் திரான்சிதான்.”

“என்ரை அம்மாவையும் இப்பிடித்தானே செய்தனீங்கள்.”

அவருடைய மூன்றாவது கேஸில், பேசாலையில் வீடு எரிந்தபோது தாயாரும் உடன் எரிந்து மாண்டார் என்று எழுதியவன் நான். உண்மையில் வீட்டின் கூரை மாத்திரமே எரிந்தது. தாயார் உயிருடன் இருந்தார்.

“அவ போன வருசத்துக்கு முந்தின வருசந்தான் செத்தவ. சொந்தக் கட்டில்ல, பாதர் வந்து எண்ணெய் பூசி, மடுத்தீன் அண்ணன்ரை மடியில தலையை வைச்சுக்கொண்டு. நல்ல சாவு. இணையத்தில மரண அறிவித்தல் போட்டவை. பிள்ளையள்: மடுத்தீன், இலங்கை. ஷிரோமி, கனடா. அவ்வளவுதான். என்ரை பேர் இல்லை. நான்தான் போடவேண்டாம் எண்டு சொன்னனான். ஆராவது பாத்து, எரிஞ்ச தாய் எப்பிடித் திருப்பிச் செத்தவ எண்டு கேட்டா? நான் இஞ்சை கோயில்ல பூசைக்குப் பேர் குடுக்கேக்கையும் ‘ஒரு தனிப்பட்ட வேண்டுதல்’ எண்டுதான் குடுத்தனான், அண்ணை.”

“உனக்குக் கார்ட் கிடைச்சதுதானே,” என்றேன். அதைச் சொன்னதற்காக நான் இன்றும் வெட்கப்படுகின்றேன்.

“ஓம். கிடைச்சது,” என்றார் மலர். அப்போதுதான் கையிலிருந்த கத்தியைக் கண்டு, அதனை மேலங்கியின் பையில் மறைத்தார்.

அதன்பின் பதினான்காம் நாள் வரை நான் மேலே செல்லவில்லை. எனினும் இரண்டு தீர்மானங்களைச் செய்து, இரண்டையும் கைவிட்டேன். குழுவின் தலைவிக்கு உண்மையைத் தெரிவித்து ஒரு கடிதம் எழுதினேன், உறையில் இட்டேன், அனுப்பவில்லை. அம்மையாரை மீண்டும் இணங்கச் செய்யலாம் என்று எண்ணினேன். படிக்கட்டு வரை சென்று திரும்பினேன். இறுதியில், குழு வரும்போது நானே எழுந்து, தீயைப் புனைந்தவன் நான் என்று சொல்லிவிடுவது என முடிவு செய்தேன். அதனால் அம்மையார் அறையை இழப்பார். என் தொழிலும் இல்லாமற் போகும். ஆயினும் அவர் கேட்டது அதுவே அல்லவா?

பதினான்காம் நாள், குழு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகச் சென்றேன். மலர் அம்மையாருக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார். என் முடிவைத் தெரிவித்தேன். அம்மையார் என்னைப் பாராட்டவும் இல்லை, கடியவும் இல்லை. சன்னலை நோக்கியபடி மலரிடம் கேட்டார்:

“நேற்று உன் தாயைப் பற்றிச் சொன்னாய். எழுதியவர் இவர்தான் என்றும் சொன்னாய். அந்த நாள் மீண்டும் வந்தால், அதே கையொப்பத்தை இடுவாயா?”

மலரின் கையிலிருந்த சீப்பு நின்றது. நான் தரையை நோக்கினேன்.

“ஓம், மதாம்,” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பின்னர் தம் சமையலறைப் பிரெஞ்சில் தொடர்ந்தார். “போடுவேன். வேறு வழி இல்லை. இங்கே இருக்க வேண்டும் என்றால், அதுதான் விலை. போட்டுவிட்டு அழுவேன்.”

தொடருந்து ஒன்று வந்தது. சன்னற் கண்ணாடி அதிர்ந்தது. அம்மையார் சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பின்னர், “அந்தக் குழு வரும்போது நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம், முசியே,” என்றார்.

மூவர் வந்தனர். படியேறிய களைப்பில் தலைவி சிறிது நேரம் நெஞ்சைப் பிடித்தபடி நின்றார். சீமெந்துத் தாள்களைப் பார்வையிட்டனர். ஒருவர் புகைப்படம் எடுத்தார். மற்றவர் தரையின் அளவைக் குறித்தார். தலைவி அம்மையாரின் அருகில் மண்டியிட்டு அமர்ந்து, அவர் கையைப் பற்றி, அந்த இரவைப் பற்றிச் சொல்ல இயலுமா என்று மிக மென்மையாகக் கேட்டார்.

நான் எழ முற்பட்டேன். மலர் என் தோளை அழுத்தினார்.

அம்மையார் சொன்னார். என் ஒன்பதாம் பக்கத்தின் ஒரு சொல்லையும் அவர் கையாளவில்லை. தார் எரியும்போது முதலில் நீலமாக எரியும் என்றார். சுண்ணாம்பு எரியாது, ஆகவே கடதாசி எரிந்த பின்னும், சுண்ணாம்பால் எழுதிய எழுத்துகள் மாத்திரம் ஒரு கணம் காற்றில் நின்றன என்றும், தாளில்லாத கவிதையைத் தாம் அன்றுதான் முதன்முறையாக வாசித்ததாகவும், வாசித்து முடிக்குமுன் அது தரையில் விழுந்ததாகவும் சொன்னார். எந்த எழுத்து கடைசியாக விழுந்தது என்பதையும் சொன்னார். புகைப்படம் எடுத்தவர் கருவியை இறக்கினார். தலைவி அழுதார். என் தொழிலில் இத்தகைய சாட்சியத்தை நான் கேட்டதில்லை. அஃது உண்மையன்று என்பதை அறிந்த எனக்கே உடல் சிலிர்த்தது.

அவர்கள் சென்ற பின், அம்மையார் குளிர்கின்றது என்றார். மலர் போர்வையைக் கொண்டுவந்தார்.

வைகாசியில் அனுமதி கிடைத்தது. ஐந்தாம் மாடி அறை அவருடைய ஆயுட்காலம் வரை அவருக்கே உரியது என்று கடிதம் கூறியது. கட்டடத்திலிருந்த ஏனைய குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் திரான்சிக்குச் சென்றன. அவர் மட்டும் மேலே இருந்தார். ஆனி முழுவதும் அவரைக் காணப் பலர் வந்தனர். நாளிதழ்க்காரர் ஒருவர் வந்தார். நுண்கலைப் பள்ளியிலிருந்து மாணவர் குழுவொன்று வந்தது. எல்லோரும் தீயைப் பற்றியே கேட்டனர்; அவரும் தீயைப் பற்றியே சொன்னார். ஒவ்வொரு முறையும் அது வளர்கின்றது என்று மலர் என்னிடம் வந்து சொல்வார்.

“இண்டைக்கு ஒரு பக்கத்து வீட்டுக்காரனும் வந்திட்டான், அண்ணை. வாளியில தண்ணி கொண்டு ஓடி வந்தவனாம். பேரும் சொல்லுறா.”

“நல்லாத்தான் சொல்லுறா போல.”

“ஓம், நல்லா. முதல்ல ஆக்கள் போன பிறகு என்னைப் பாத்துக் கண்ணடிக்கிறவ. இப்ப கண்ணடிக்கிறதில்லை.”

அதன் பொருள் எனக்குத் தெரியாததன்று. பலமுறை ஒத்திகை பார்த்தவர்கள், அலுவலர் முன் மெய்யாகவே அழுவதை நான் கண்டிருக்கின்றேன். அதனை என் திறமைக்குச் சான்றாகவே கொண்டிருந்தேன்.

புரட்டாதி மாதத்தில் குழுவின் தலைவி என்னிடம் ஒரு சிறு குறிப்பு எழுதித் தருமாறு கேட்டார். அம்மையாரின் படங்களை மீண்டும் ஓரிடத்தில் காட்சிக்கு வைக்கவிருந்தனர். அதனுடன் வாழ்க்கைக் குறிப்பொன்றும் வேண்டும். இம்முறையாவது அந்த ஏழு ஆண்டுகளை உள்ளபடி எழுதிவிட வேண்டும் என்று நான் உறுதிகொண்டேன். அம்மையார் இனி அறையை இழக்கப் போவதில்லை. கடிதம் கையில் இருக்கின்றது. ஒரு பொய்யைச் சொல்லிப் பெற்றதை உண்மையைச் சொல்லி இழக்க நேராது என்று சட்டம் அறிந்த ஒருவரிடமும் கேட்டறிந்தேன். என்மீது வரும் பழியை ஏற்கவும் ஆயத்தமாயிருந்தேன்.

கழுத்துப்பட்டி அணியாமல் மேலே சென்றேன். அம்மையார் நாற்காலியில் இருந்தார். தூரிகை கையில் இல்லை. தாளும் இல்லை. இரண்டு மாதமாக அவர் தூரிகை கேட்பதில்லை. காலையில் கோப்பியையே கேட்கின்றார் என்று மலர் முன்னரே சொல்லியிருந்தார்.

“அம்மையீர், நான் தவறு செய்தேன்,” என்று தொடங்கினேன். “அதைத் திருத்த வந்துள்ளேன். அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லுங்கள். சமையற்கூடத்தைப் பற்றிச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை அப்படியே எழுதுவேன்.”

“எந்தச் சமையற்கூடம்?”

“பிள்ளைகளுக்குச் சூப் ஊற்றினீர்கள். தட்டுகளைக் கழுவினீர்கள். மாலையில் வந்து வெறுஞ்சுவரைப் பார்த்தீர்கள். ஏழு ஆண்டுகள்.”

அவர் என்னைக் கருணையோடு நோக்கினார். வழி தவறி வந்த ஒருவரை நோக்குவது போன்றிருந்தது அது.

“வேறு யாரையோ குழப்பிக்கொள்கின்றீர்கள், முசியே. அந்த ஆண்டுகளில் நான் ஓயாமல் வரைந்தேன். சுவரில் வெறுமையான இடமே இருக்கவில்லை. நூற்றுக்கு மேல் இருந்தன.” அவருடைய கண்கள் நிறைந்தன. “அவை எதையும் நீங்கள் பார்த்திருக்க முடியாது. அவைதாம் நான் செய்தவற்றுள் சிறந்தவை. கையால் அணைக்கப் பார்த்தேன். இதோ.” இடக்கையை நீட்டி அந்தத் தழும்பைக் காட்டினார். “எழுதிக்கொள்ளுங்கள்.”

நான் மலரை நோக்கினேன். அவர் கழுவுதொட்டியின் முன் எமக்கு முதுகைக் காட்டியபடி நின்றார், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, கோப்பை எதுவும் அவர் கையில் இல்லை. அம்மையார் சொல்லிக்கொண்டே சென்றார். அவருக்காக நான் சிறிது நேரம் எழுதினேன். எழுதாமல் இருந்திருந்தால் அவர் வருந்தியிருப்பார்.

மலரின் வேலை நேரம் முடிந்தது. இருவரும் ஒன்றாகப் படியிறங்கினோம். ஆளற்ற வீடுகளின் கதவுகள் பலகைகளால் அடைக்கப்பட்டிருந்தன.

“நான் காலமை குளிப்பாட்டேக்க சொல்லிப் பாக்கிறனான், அண்ணை,” என்றார் மலர். “மதாம், நீங்கள் பள்ளிக்கூடத்தில வேலை செய்தனீங்கள், என்னட்டைச் சொன்னனீங்கள் எண்டு. அவவுக்குக் கோவம் வருது. கையைத் தட்டி விடுறா. இனிச் சொல்லமாட்டன்.”

“அறை கிடைச்சது,” என்றேன், வேறு சொல் தெரியாமல்.

“ஓம். அறை கிடைச்சது.” மூன்றாம் மாடியில் அவர் நின்றார். “அம்மா கட்டில்லதான் செத்தவ எண்டு எனக்குத் தெரியும். மடுத்தீன் அண்ணன் படம் அனுப்பினவர், முகம் நித்திரை மாதிரி. ஆனா எனக்குக் கனவில வாறது அந்தப் படமில்லை. கூரை விழுகுது. அவ உள்ளுக்க இருந்து என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடுறா. நீங்கள் எழுதித் தந்த மாதிரித்தான், அண்ணை, ஒரு சொல்லும் மாறாமல்.”

செவ்ரானுக்குச் செல்லும் தொடருந்துக்கு நேரமாகிவிட்டதென்று சொல்லி அவர் விரைந்து இறங்கினார்.

கடையின் பின்னறையில் ஓர் இளம் தம்பதி எனக்காகக் காத்திருந்தனர். கணவன் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். தம்மிடம் காட்டுவதற்கு ஓர் ஆவணமும் இல்லை என்றும், இரண்டு ஆண்டுகள் ஓர் உறவினர் வீட்டின் உள்ளறையில் ஒன்றும் செய்யாமல் இருந்ததாகவும், அதை எப்படி எழுதலாம் என்றும் கேட்டார்.

நான் அமர்ந்தேன். அந்த அறையில் சன்னல் இருந்ததா என்று கேட்டேன்.